மார்லீன் ஹக்காலா பெட்டிக்குப் போன கதை

"என்ன தொழில் பண்றீங்க?" என்று யார் கேட்டாலும் மார்லீன் ஹக்காலா முதலில் சொல்கிற பதில் ஒன்றுதான்: "ஹாக்கி ஆடறேன்." கேட்டவர் சிரித்தபடி தலையாட்டுவார். ஒரு மூச்சு விட்டு, "அது சரி, வேலை என்ன பண்றீங்க?" என்பார். பல் டாக்டர் கேட்டார். அமெரிக்க எல்லையில் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி கேட்டார். கல்யாணம் வரைக்கும் வந்து நின்றுபோன ஒருவனுடைய அம்மா, சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நீட்டியபடி கேட்டாள். "ஸ்கூல் பஸ் ஓட்டறேன்" என்று மார்லீன் சொன்ன பிறகுதான் எல்லார் முகத்திலும் ஒரு தெளிவு வரும். அப்பாடா, இவளுக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது!

கனடாவில், பனிக்கட்டி மேல் ஹாக்கி ஆடுகிற எங்கள் சட்பரி ஊரில், இந்த இரண்டாவது கேள்வியை ஓர் ஆண்பிள்ளையிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மூன்றாந்தரக் குழுவில் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பயலாக இருந்தாலும் சரி, அவன் பாங்குக்குள் நுழைந்தால் மானேஜர் எழுந்து கை கொடுப்பார். போகட்டும். இது அந்தப் பயல்களின் கதை இல்லை.

மார்லீனின் அப்பா நிக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வாயில் பேச்சு வராத ஃபின்லாந்துக்கார வம்சம். குளிர்காலம் வந்தால் வீட்டுக்குப் பின்னால் குழாயைத் திறந்துவிட்டு ஒரு பனித்தளம் உண்டாக்கிவிடுவார். மார்லீன் நடக்கப் பழகியதும் ஸ்கேட்ஸ் கட்டியதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில். பெண்களுக்கென்று ஊரில் அப்போது குழு கிடையாது. முடியைக் குட்டையாக வெட்டி, பையன்களோடு பையனாக அவளை இறக்கிவிட்டார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. இடிக்கக் கற்றுக்கொண்டாள்.

இடிப்பது என்றால் தெருச்சண்டை இல்லை. பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை மட்டையில் வைத்துக்கொண்டு ஒருத்தன், தளத்தைச் சுற்றி அடித்த பலகையோரமாக ஓடி வருவான். அவன் எங்கே வந்து சேருவான் என்று கணக்குப் போட்டு, முழங்காலை மடக்கி, தோளைக் கொடுத்து அவனைப் பலகையோடு பலகையாகச் சாத்த வேண்டும். கையை ஓங்கக் கூடாது, முதுகில் இடிக்கக் கூடாது. அவன் விழுவான், வட்டு நம்முடையது. பதிமூன்று வயதுக்குள் மார்லீன் இதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். பக்கத்து ஊரான நார்த் பேயின் குழுவில் டிரம்மண்ட் வீட்டுப் பையன் ஒருவன், அவளைவிட ஒரு தலை உயரம், அவளிடம் மாட்டிக்கொண்டு முன்பல் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். பார்க்க வந்திருந்த அவன் தங்கை நோரீன் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அந்த நோரீன் பிற்பாடு வருவாள், மறந்துவிட வேண்டாம்.

பதிமூன்று முடிந்ததும் பெண்கள் குழு ஒன்று ஊரில் முளைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பெண்கள் ஆட்டத்தில் இடிக்கக் கூடாது என்பது சட்டம். முதல் ஆட்டத்திலேயே மார்லீன் மூன்று முறை தண்டனைப் பெட்டிக்குப் போனாள். இடித்தால் விசில், கையைத் தூக்குவார் நடுவர், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு நிமிஷம் தனியாக உட்கார வேண்டும். அந்த இரண்டு நிமிஷமும் அவளுடைய குழு ஓர் ஆள் குறைவாக நின்று திண்டாடும். "இது பொம்பளைங்க ஆட்டம்மா. இங்க என்ன சுரங்கமா வெட்டறாங்க?" என்றார் பயிற்சி கொடுத்த மனுஷன். கூடியிருந்த தாய்மார்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"ஹக்காலாவுக்குப் பெட்டியில தனி நாற்காலி போட்டிருக்கு" என்று ஊரே கேலி பேசியது. அவள் மேல் தப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விசில் அவளுக்குத்தான். நடுவரோடு வாதாடினால் இன்னும் இரண்டு நிமிஷம். ஆகவே மார்லீன் வாதாடுவதை விட்டாள். யார் மேலாவது தோள் பட்டுவிட்டால் விசில் வருவதற்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். எப்படியும் போகத்தான் வேண்டும், கௌரவமாகப் போய்விடுவோமே என்று. அப்புறம் மெல்ல மெல்ல இடிப்பதையே விட்டுவிட்டாள். ஆள் நெருங்கி வரும்போது கடைசி நொடியில் உடம்பை இழுத்துப் பிடித்து, மட்டையை மட்டும் நீட்டி வட்டைப் பறிக்கப் பழகினாள். அதிலும் கெட்டிக்காரிதான். ஆனால் அது ஓடுகிற குதிரையின் கடிவாளத்தை ஆட்டம் முழுக்க இழுத்துப் பிடித்திருக்கிற வேலை. இருபது வருஷம் இழுத்துப் பிடித்தாள்.

அந்த இருபது வருஷத்தை நான் விஸ்தாரமாகச் சொல்லப் போவதில்லை, சொன்னால் எனக்கே அசதி வருகிறது. காலையும் மாலையும் பஸ். வெள்ளிக்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஆட்டச் சாமான் மூட்டையைக் காரில் போட்டுக்கொண்டு தெற்கே டொராண்டோவுக்கு நாலு மணி நேரம். அங்கே பெண்களுக்கு ஒரு லீக் இருந்தது. சம்பளம் என்கிற பேச்சு கிடையாது, மட்டைகூடச் சொந்த மட்டை. நர்ஸ், போலீஸ்காரி, தபால்காரி, டீச்சர் என்று ஆளுக்கொரு பிழைப்பை வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்ப நாலு மணி நேரம். திங்கட்கிழமை காலையில் மறுபடி பஸ். பனித்தளத்தில் நல்ல நேரமெல்லாம் பையன்களுக்கு, அதற்கு அடுத்தது தொப்பை வைத்த கிழவர் சங்கத்துக்கு. எல்லாரும் வழித்துத் தின்ற பாத்திரம் பெண்களுக்கு. ஒரு வசந்தத்தில் அந்த லீக்கையும் இழுத்து மூடினார்கள். மார்லீன் அழவில்லை. முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

பிறகு வந்தது புது லீக். நிஜமான சம்பளம், தனி வைத்தியர், துவைத்து மடித்து வைத்த சட்டை, அரங்கு நிறைந்த கூட்டம், டிவியில் ஆட்டம். இடிக்கவும் செய்யலாம்! பலகையோரம் நியாயமாக இடித்தால் விசில் கிடையாது. கூட்டம் அதற்குத்தான் எழுந்து நின்று கத்துகிறது. பல் இருந்தபோது பக்கோடா இல்லை, பக்கோடா வந்தபோது பல் இல்லை என்பார்களே, மார்லீனுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. முதல் வருஷம் யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் வருஷம், நவம்பர் பயிற்சி முகாம் தொடங்கிய பிறகு, பின்வரிசைக்காரி ஒருத்தி கணுக்காலை முறித்துக்கொண்டாள். டொராண்டோ குழுவின் கோச் போன் பண்ணினாள். கோச் வேறு யாருமில்லை, நார்த் பே நோரீன் டிரம்மண்ட்.

"ஹக்ஸ், இன்னும் ஆடறியா?"

ஹாக்கிக்காரர்கள் யார் பெயரையும் முழுசாக விட்டுவைக்க மாட்டார்கள். ஹக்காலா என்றைக்கோ ஹக்ஸ் ஆகிவிட்டாள்.

"ஆடறேன். ஏன்?"

"எங்கண்ணன் பல்லை உடைச்சியே, அந்த ஹக்ஸ் எனக்கு வேணும். கிளம்பி வா. வாக்குறுதியெல்லாம் தர மாட்டேன். ஒரு இடம்தான் இருக்கு."

டிப்போ மானேஜர் ஒரு வாரம் லீவு கொடுத்தார். "திங்கக்கிழமை வருவியா, மாட்டியா?" என்று கேட்டார். "வரலேன்னா சந்தோஷப்படுங்க" என்று மார்லீன் சொன்னாள். கூடவே கிளம்பியவள் ஜிஸெல். அதே டிப்போவில் பஸ் ஓட்டுகிற பிரெஞ்சுக்காரி, பழைய லீக்கில் கோல்கீப்பர், இடுப்பு போன பிறகு ஆட்டத்தை விட்டவள். வாய் மட்டும் போகவில்லை.

கார் தெற்கே இறங்கும்போது ஜிஸெல் பன்றிக்கறி அடைத்த பொர்க்கெட்டா பன் ஒன்றைப் பிய்த்துக் கொடுத்தாள். "தின்னு. அங்க போனா புல்லும் பூண்டும்தான் தருவாங்க. சத்துணவுக்காரி ஒருத்தியே இருக்காளாம்."

"பசிக்கல ஜிஸ்."

"பயமா இருக்கா?"

"களைப்பா இருக்கு. போறதுக்கு முன்னாடியே களைப்பா இருக்கு."

"உனக்கு அந்த இடம் எதுக்குடி? நிஜமாச் சொல்லு. முட்டி ரெண்டும் கரகரன்னு அரைக்குது. சம்பளத்துக்கா?"

மார்லீன் முன்னால் போன லாரியைத் தாண்டினாள். "ஒரு வருஷம் போதும் ஜிஸ். ஒருத்தன் என்ன வேலைன்னு கேக்கணும். ஹாக்கி ஆடறேன்னு நான் சொல்லணும். அவன் அத்தோட வாயை மூடணும். அவ்வளவுதான்."

ஜிஸெலுக்கும் அந்த ஆசை இருந்தது, இடுப்பு இருந்தவரை.

முகாமில் நோரீன் ஒளிவுமறைவு வைக்கவில்லை. முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "பின்வரிசையில ஒரே ஒரு இடம். ஹக்ஸ், இல்லேன்னா டீகன். சனிக்கிழமை நமக்குள்ளயே ரெண்டு பக்கமாப் பிரிஞ்சு ஒரு ஆட்டம் வெச்சுப்போம். அன்னிக்குச் சொல்றேன்."

டீகன் மோய்ஸ் இருபத்திரண்டு வயதுப் பெண். அமெரிக்கக் கல்லூரியில் உதவித்தொகையோடு ஆடி வந்தவள். நல்ல பெண், அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் மார்லீனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முதல் நாள் பலகையோரமாக வட்டைக் கொண்டுவந்தாள். மார்லீன் சரியான இடத்தில்தான் நின்றாள், முழங்காலும் மடங்கியது. கடைசி நொடியில் உடம்பு தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது. டீகன் அவள் தோளைத் தேய்த்துக்கொண்டு கடந்து போய், போகிற போக்கில், "ஸாரி ஹக்ஸ்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? மூளை இடி என்கிறது, தோள் வேண்டாம் என்கிறது.

"ஹக்ஸ், இங்க வா" என்று நோரீன் ஓரமாகக் கூப்பிட்டாள். "உனக்கு உடம்பு எதுக்கு இருக்கு? காட்சிக்கா?"

"வரலை கோச். நெருங்கினா கை கால் நின்னுபோகுது."

"இங்க யாரும் விசில் ஊத மாட்டாங்க. புரியுதா?"

"புரியுது. எனக்குப் புரியுது. இதுக்குப் புரியமாட்டேங்குது." தன் தோளைத் தானே ஒரு தட்டுத் தட்டினாள் மார்லீன். நோரீன் சிரிக்கவில்லை.

"வட்டைப் பறிக்கிறதுக்கு எனக்கு நாலு பேர் இருக்காங்க. உன்னைக் கூப்பிட்டது அதுக்கில்ல. சனிக்கிழமை ஒரே ஒரு தடவை இடிச்சுக் காட்டு. ஒண்ணு போதும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடுதி அறையில் ஜிஸெல் கட்டில் மெத்தையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். "நான்தான் டீகன். வா, இடி" என்று மெத்தைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"உன் இடுப்பு தெறிச்சுடும் ஜிஸ்."

"ஏற்கனவே தெறிச்சதுதானே. வாடி!"

மார்லீன் வந்தாள். கடைசி அடியில் நின்றாள். இன்னொரு முறை வந்தாள், நின்றாள். ஜிஸெல் அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு வசவு அத்தனையும் வரிசையாகச் சொன்னாள், எங்கள் பக்கத்து பிரெஞ்சுக்காரர்கள் மாதா கோயில் சாமான்களையெல்லாம் வசவாக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து மெத்தை மேல் விழுந்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு மார்லீன் கூரையைப் பார்த்தபடி, "நாளைக்கு நடக்கலேன்னா முடிஞ்சுது ஜிஸ்" என்றாள். "முடிஞ்சா முடியட்டும், தூங்கு" என்றாள் ஜிஸெல்.

சனிக்கிழமை ஆட்டம். நடுவர்களும் உண்டு, விசிலும் உண்டு, எல்லாம் நிஜ ஆட்டம் போலவே. கூட்டம் மட்டும் இல்லை. குழுவின் பெரிய மனுஷர்கள் மேலே கண்ணாடி அறையில் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டக்காரிகளின் வீட்டார் கொஞ்சம் பேர், அவர்களுக்கு நடுவில் ஜிஸெல். மார்லீன் ஆடிய பக்கத்தின் பெஞ்சுக்குப் பின்னால் நோரீன் நின்றாள். எதிர்ப் பக்கத்தில் டீகன்.

முக்கால்வாசி ஆட்டம் போய்விட்டது. இரண்டு பக்கமும் சமம். மார்லீன் வட்டைப் பறித்தாள், தடுத்தாள், முழங்காலைத் தரையில் போட்டு, கோலுக்குப் போன ஓர் அடியைத் தன் விலாவில் வாங்கினாள். எல்லாம் செய்தாள், அந்த ஒன்றைத் தவிர. மூச்சு தொண்டையில் ரத்த ருசியாக ஏறியது. வயது முப்பத்தாறு என்பதை முதுகெலும்பு ஒவ்வொரு முறையும் எண்ணிச் சொன்னது.

அப்போது டீகன் வந்தாள். வட்டு மட்டையில், இடப்பக்கப் பலகையோரம், நல்ல வேகம். தலை நிமிர்ந்துதான் இருந்தது, மார்லீனைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. ஹக்ஸ் இடிக்க மாட்டாள் என்று அந்த வாரம் முழுக்கப் பார்த்தவள் அல்லவா?

அந்தக் குறையாத வேகம்தான் மார்லீனுக்கு எங்கேயோ சுட்டது. முழங்கால் மடங்கியது. தோள் போனது. இந்த முறை யாரும் கடிவாளத்தை இழுக்கவில்லை.

பலகை அதிர்ந்த சத்தம் காலி அரங்கில் கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. டீகன் பலகையில் சாத்தி, வழுக்கி, குப்புற விழுந்தாள். வட்டு அநாதையாகக் கிடந்தது. மேலே கண்ணாடி அறையில் யாரோ எழுந்து நின்றார்கள். பெஞ்சு மொத்தமும் மட்டைகளால் பலகையைத் தட்டி ஆரவாரம் பண்ணியது. "ஹக்ஸ்!" என்று ஜிஸெல் போட்ட கூச்சல் தனியாகக் கேட்டது. அவ்வளவு சுத்தமான இடி. கை ஓங்கவில்லை, முதுகில் படவில்லை, வட்டு இருந்த ஆளின் மேலேயே விழுந்த இடி. நடுவர் விசிலை வாயில்கூட வைக்கவில்லை.

மார்லீனுக்கு அது எதுவும் கேட்கவில்லை. இடித்தாள், நிமிர்ந்தாள், தலையைக் குனிந்தாள், திரும்பினாள். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் பனித்தளத்தைக் குறுக்கே கடந்து நேராகப் போய், தண்டனைப் பெட்டியின் கதவைத் தானே திறந்துகொண்டு, உள்ளே போய் உட்கார்ந்தாள். தண்ணீர்ப் புட்டியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். மட்டையை முழங்காலுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

ஆட்டம் நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும், யாரும் விசில் ஊதவில்லையே! டீகன் எழுந்தாள். வட்டு அங்கேயே கிடந்தது. அதைக் காக்க வேண்டியவள் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். டீகன் ஒரு நொடி சுற்றுமுற்றும் பார்த்தாள், அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. பிறகு எடுத்துக்கொண்டு போய், காவல் இல்லாத அந்தப் பக்கமாகவே புகுந்து, கோல் அடித்தாள்.

மட்டைத் தட்டல் நின்றுபோயிற்று. நடுவராக நின்றவள் ஓர் இளவயதுப் பெண். மெல்ல மிதந்து வந்து பெட்டியின் பலகையில் கை வைத்தாள்.

"இங்க என்ன பண்றீங்க?"

"ரெண்டு நிமிஷம்" என்றாள் மார்லீன்.

"எதுக்கு?"

"இடிச்சேன் இல்ல?"

"நான் விசில் ஊதலையே."

மார்லீன் அவளைப் பார்த்தாள். பிறகு கோல் வலையைப் பார்த்தாள், அங்கே டீகனைக் கட்டிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள், தன் பெஞ்சைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பெஞ்சில் இளசுகள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முப்பதைத் தாண்டிய இரண்டு மூன்று பேர் மட்டும் சிரிக்கவில்லை, அவர்கள் குனிந்து ஸ்கேட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். மார்லீன் எழுந்து கதவைத் திறந்து வெளியே வந்தாள். கன்னம் ரெண்டும் எரிந்தது. மிச்ச ஆட்டத்தையும் ஆடினாள், எப்படி ஆடினாள் என்று அவளுக்கே தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் நோரீன் தன் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னாள். மார்லீன் உட்காரவில்லை.

"இன்னிக்கு நான் பார்த்ததுல அதுதான் நல்ல இடி" என்றாள் நோரீன். "இந்த வருஷமே பார்த்ததுல."

"தெரியும்."

"டீகனைத்தான் எடுக்கறேன் ஹக்ஸ்."

"அதுவும் தெரியும்."

மார்லீனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருபது வருஷம் உக்கார வெச்சீங்க. உக்காரு, உக்காருன்னு உக்கார வெச்சீங்க. இன்னிக்கு ஏன் உக்காந்தேன்னு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறீங்க!"

"நான் சிரிக்கல." நோரீன் குரல் தாழ்ந்திருந்தது. "நீ இடிச்சதும் நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ரெஃப்ரீயப் பார்க்கல. வட்டைப் பார்க்கல. பெட்டியைத்தான் பார்த்தேன். உனக்கு முன்னாடி என் கண்ணு அங்க போயிடுச்சு."

மார்லீன் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ஆனா ஆட்டம் சமமா நிக்கறப்போ, அரங்கம் நிறைஞ்சிருக்கிறப்போ, நீ மறுபடி போயிட்டேன்னா?" என்றாள் நோரீன். "போக மாட்டேன்னு உன்னால சொல்ல முடியுமா?"

பொய் சொல்ல மார்லீனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. "முடியாது" என்றாள்.

வெளியே நடையில் டீகன் தோளில் ஐஸ் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இடம் கிடைத்த சேதி அவளுக்கு இன்னும் போகவில்லை. "ஹக்ஸ், ஐயோ, என்னா இடி! எனக்கு நட்சத்திரமெல்லாம் தெரிஞ்சுது" என்றாள். பிறகு, நிஜமாகவே புரியாமல், "ஆனா ஏன் போயிட்டீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் முகத்தில் கேலி துளியும் இல்லை. அவளுக்குத் தோன்றவே தோன்றாத காரியம் அது. மார்லீனுக்கு அவளை ஓர் அறை விட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பு இல்லை. "தாகமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

திரும்பும் வழியில் ஜிஸெல் கார் ஓட்டினாள். பாதி வழிக்கு மேல் பாரி சவுண்ட் என்கிற ஊர் வந்தது. இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், மெல்லிய பனி விழத் தொடங்கியபோது, பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். பின் இருக்கையை மடக்கிப் போட்டிருந்ததால் மூட்டையும் மட்டைகளும் கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தன. இரண்டு பேரும் காபி வாங்க உள்ளே போனார்கள்.

கல்லாவில் இருந்தவன் ஐம்பது வயது ஆள், வேட்டைக்காரத் தொப்பி. காரை எட்டிப் பார்த்தான். மார்லீனின் தோள் அகலத்தைப் பார்த்தான், உதட்டுக்கு மேலே இருந்த பழைய தையல் தழும்பைப் பார்த்தான்.

"ஹாக்கி ஆடறீங்களா?"

மார்லீன் காபிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். "ஆடறேன்" என்றாள் நிமிராமல். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அவன் முகம் மலர்ந்தது. "டொராண்டோ டீம்லயா? அந்தப் புது லீக்கு? என் பொண்டாட்டி ஒரு ஆட்டம் விடாம பார்க்கறா. இருங்க, அவளைக் கூப்பிடறேன்!"

மூடி மார்லீனின் கையில் அப்படியே நின்றது. பக்கத்தில் ஜிஸெல், சொல்லு, சொல்லித் தொலை என்று முழங்கையால் இடித்தாள்.

"இல்லைங்க" என்றாள் மார்லீன். "கூப்பிடாதீங்க. நான் ஸ்கூல் பஸ் ஓட்டறேன்."

"அப்படியா?" அவனுக்கு ஏமாற்றமாகிவிட்டது. "பார்த்தா அவங்கள்ல ஒருத்தர் மாதிரியே இருந்தீங்க."

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஜிஸெல் வெடித்தாள். "ஆமான்னு சொல்லியிருந்தா உன் நாக்கு அழுகிடுமாடி? அவனுக்கு என்ன தெரியப் போகுது? ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் இருந்திருக்கலாமே!"

"கேட்டான் பாத்தியா ஜிஸ்" என்றாள் மார்லீன். காபியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "வேலை என்னன்னு கேக்கவே இல்ல, பாத்தியா? எந்த டீம்னுதான் கேட்டான்."

அதற்கப்புறம் அவளுக்கு அழுகை வந்தது. லீக்கை மூடியபோது அழாதவள், கல்யாணம் நின்றபோது அழாதவள், ஒரு பெட்ரோல் பங்கில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். ஜிஸெல் காரைக் கிளப்பவில்லை. அவள் கையிலிருந்து காபியை வாங்கித் தான் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் பனி படிந்துகொண்டே இருந்தது. திங்கட்கிழமை காலை ரோடு வழுக்கும், பஸ்ஸைக் கொஞ்சம் சீக்கிரமே எடுக்க வேண்டியிருக்கும்.